தாய்மாமன் சீராக வந்த கார்

போன மாதம் என் தங்கை, புதிதாக வாங்கிய மின்சாரக் காரில் என்னை ஏற்றிக்கொண்டு எங்கள் தீவின் மறுபக்கத்திலிருக்கும் பாலிக் புலாவுக்கு டுரியான் பழம் சாப்பிடப் போனாள். ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு சிவப்பு விளக்கில் கார் நின்றது. நின்ற மறுகணம் சத்தமும் இல்லை, நடுக்கமும் இல்லை. என் கை தானாகப் போய் டாஷ்போர்டில் ஒட்டிக்கொண்டது.

"அடியே, ஆஃப் ஆயிடுச்சு! சீக்கிரம் ஸ்டார்ட் பண்ணு, பின்னால லாரி நிக்குது!" என்று கத்திவிட்டேன்.

அவள் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தாள். "அக்கா, இதுல இஞ்சினே இல்ல லா. எது ஆஃப் ஆகும்?"

இதை எங்கள் பழைய பட்டறையின் வாட்ஸ்அப் குழுவில் எழுதித் தொலைத்தேன். இப்போது அங்கே வேலை செய்கிற பிள்ளைகளுக்கு ஒரு வாரத்துக்கு அதுதான் சிரிப்பு. சிரித்து முடித்தபின் ஒருத்தி கேட்டாள், "கோதை அக்கா, ஐட்லிங் கேஸ்லயே உங்கள ரொம்பப் படுத்துனது எது? எழுதுங்களேன்." ஓய்வு பெற்றவளிடம் கதை கேட்டால் விடுவேனா? எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பழைய கார் வாங்க நினைக்கிறவர்கள், வாங்கும் முன் எங்களைக் கூப்பிடுவார்கள். நாங்கள் போய்ப் பார்த்து, வாங்கலாமா கூடாதா என்று சொல்வோம். ஜெலுத்தோங்கில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் பட்டறை. நான் அங்கே போனது தொலைபேசி எடுப்பதற்குத்தான். ஒருநாள் டார்ச் பிடிக்க ஆள் வரவில்லை என்று என்னைப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தவள் பிறகு கீழே வைக்கவே இல்லை. என் பயிற்சிக் காலத்தின் வரலாறு அவ்வளவுதான்.

முதலாளி ஊய் தவுக்கே. இங்கே சீன முதலாளிகளைத் தவுக்கே என்போம். நிபோங் திபாலில் ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த சீனக் குடும்பத்துப் பிள்ளை. தோட்டத்துத் தமிழைத் தாய்மொழி மாதிரி பேசுவார், கெட்ட வார்த்தைகள் உட்பட. ஒரு காரைப் பார்க்கப் போனால் விற்கிறவருக்கு வணக்கம் சொல்லும் முன்பே அவருடைய உள்ளங்கை பானட்டின்மேல் போய்விடும். தகரம் சில்லென்று இருந்தால்தான் மனிதரைத் திரும்பிப் பார்ப்பார். சூடாக இருந்தால் பேச்சே கிடையாது.

சூலியா தெருவில் ஒரு தரகர் அப்படித்தான் மாட்டினார். நாங்கள் போனபோது பானட் கொதித்தது. "இப்பத்தான் பெட்ரோல் போட்டுட்டு வந்தேன் தவுக்கே, ஜாம்ல மாட்டிக்கிட்டேன்" என்றார் தரகர். இங்கே காரைக் காடி என்போம். தவுக்கே, "அப்ப காடி களைச்சிருக்கும். தூங்கட்டும். நாளைக்குக் காலையில வரேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். மறுநாள் காலையில் குளிர்ந்த இஞ்சினை முடுக்கியபோது அது காய்ச்சல்காரனைப் போல் உதறியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைக்கிறவர்கள் எல்லாரும் சோற்றைச் சூடாகத்தான் பரிமாறுவார்கள்.

ஓடும்போது எல்லா இஞ்சினும் நல்ல பிள்ளைதான். நிற்கும்போதுதான் குணம் தெரியும். கார் நிற்கிறது, இஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைத்தான் ஐட்லிங் என்கிறோம். ஆக்சிலேட்டரில் கால் இல்லாத அந்த நேரத்தில் காற்று கொஞ்சம் கூடினாலும், பெட்ரோல் கொஞ்சம் குறைந்தாலும், ஒரு வயர் சரியாக ஒட்டாவிட்டாலும் இஞ்சின் உடனே முகத்தைக் காட்டிவிடும். அதனால் இஞ்சின் சூடேறி நிலைக்கு வரும்வரை தவுக்கே யாரையும் பேசவிட மாட்டார். விற்கிறவர் காரின் பெருமையை எடுத்து விட்டால், உதட்டில் விரலை வைப்பார். "இப்ப அது பேசுது லா. நீ அப்புறம் பேசு."

இஞ்சின் மாற்றிய கார் என்றால் இந்த மௌனம் இன்னும் நீளும். ஜப்பானில் கழித்துப் போட்ட கார்களின் முன்பாதியை அப்படியே வெட்டி இங்கே கொண்டுவருவார்கள். ஹாஃப்-கட் என்று பெயர். அதிலிருந்து இஞ்சினை எடுத்து வேறொரு காருக்குள் வைப்பார்கள். வைப்பது கஷ்டமில்லை. சம்பந்தம் பேசுவதுதான் கஷ்டம். அந்த இஞ்சினின் வயர்களும் இந்தக் காரின் வயர்களும் ஒத்துப்போக வேண்டும். ஏர்கான் போட்டால் இஞ்சினுக்குத் தகவல் போக வேண்டும், இல்லாவிட்டால் பாரம் தாங்காமல் நின்றுவிடும். இஞ்சினிலிருந்து காரின் உடம்புக்குப் போகும் எர்த் வயரைச் சிலர் மறந்துவிடுவார்கள். எதுவும் சரிவராவிட்டால், காற்று வரும் வழியிலிருக்கும் திருகைத் திருகி வேகத்தைக் கூட்டி வைத்து நடுக்கத்தை மறைப்பார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற மாதிரி, பிறகு பழியெல்லாம் இஞ்சின் மேல்தான்.

தவுக்கேயின் இன்னொரு சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதைக்கு அது வேண்டும். "என்னா இருக்கு சொல்லு. எங்க இருக்கு சொல்லு. யாரு செஞ்சான்னு மட்டும் சொல்லாத. காடிக்கு அது தெரியாது. காடிக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது." நான் வாயாடி. இந்தச் சட்டத்தை விழுங்க எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிகக் காலம் பிடித்தது.

கவிதா வந்தது தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்த நேரம். அவளுக்கு அது தலைத் தீபாவளி. அக்கரையில் ஒரு பள்ளியில் ஆசிரியை, கல்யாணமாகித் தீவில் புகுந்த வீட்டில் இருந்தாள். தினமும் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகிறவள். கூடவே மாமியார் ராஜம்மா வந்திருந்தார். புருஷன் அன்று வேலைக்குப் போய்விட்டான். அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் நிற்கக் கூடாது என்று தெரிந்த கெட்டிக்காரன்.

கார் கவிதாவின் தாய்மாமன் முனியாண்டி கொடுத்த சீர். அப்பா இல்லாத பெண்ணை வளர்த்தவர் அவர்தான். நிபோங் திபாலில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து லாரிகளைப் பழுது பார்க்கும் போமன். நம் பக்கத்தில் மெக்கானிக்கைப் போமன் என்றுதான் சொல்வோம். பழைய கார் ஒன்றை வாங்கி, ஹாஃப்-கட் இஞ்சினைத் தன் கையாலேயே மாற்றி, சாயம் அடித்து, கல்யாண மண்டப வாசலில் மாலை போட்டு நிறுத்தியிருக்கிறார்.

அந்தக் கார்தான் சில வாரங்களாக நின்ற இடத்தில் அணைந்துபோய்க்கொண்டிருந்தது. கடைசியாகப் பாலத்தின்மேல் நெரிசலில் அணைந்திருக்கிறது. பின்னால் வந்த லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே வந்து மயிரிழையில் நின்றிருக்கிறது.

"செகண்ட் ஹேண்ட் காடி, அதுலயும் எவனோ காடியோட இஞ்சின்" என்றார் ராஜம்மா. "ரெண்டு போமன் பாத்துட்டாங்க. ஒருத்தன் கம்ப்யூட்டர் போச்சுங்கறான், ஒருத்தன் இஞ்சினே போச்சுங்கறான். ஏம்மா, விலைக்கு வாங்குறவங்களுக்குப் பாக்குற மாதிரியே பாத்துச் சொல்லுங்க. இஞ்சின் சரியில்லன்னா திருப்பி விட்டுர்றோம். எனக்கு மருமக உசுரு முக்கியம்."

அவர் சொன்னது தப்பில்லை. ஆனால் தாய்மாமன் சீரைத் திருப்பி விட்டால் தாய்மாமனையே திருப்பி விட்டதாகத்தான் அர்த்தம். அதற்குப் பிறகு அவர் அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டார். தலைத் தீபாவளிக்கு இவளும் நிபோங் திபாலுக்குப் போக முடியாது. கவிதா சாவியை என் கையில் வைத்து, அந்தக் கையையே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

முனியாண்டியும் வந்திருந்தார். பட்டறைக்குள் வரவில்லை. கேட்டருகே, வெயிலில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தவுக்கே நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"தானம் வந்த மாட்டப் பல்லப் புடிச்சிப் பாக்குறாங்க தவுக்கே. பாக்கட்டும்" என்றார், எல்லார் காதிலும் விழும்படி.

"அண்ணே, மாடு பாலத்துல படுத்துக்கிச்சே. பாக்காம என்னா செய்ய?" என்றார் ராஜம்மா, அதே அளவு சத்தமாக.

"என்னைக் கூப்பிட்டா நான் பாத்திருப்பேன்ல?"

"செஞ்சவங்களே பாத்தா சரியாத்தான் இருக்குன்னு சொல்வாங்க!"

தவுக்கே உதட்டில் விரலை வைத்தார். பானட் சில்லென்று இருந்தது. முடுக்கினேன்.

அழகாகப் பிடித்தது. கொஞ்சம் உயர்ந்து, மெல்ல இறங்கி, இஞ்சினின் வேகத்தைக் காட்டும் முள் ஓரிடத்தில் நின்றது. கியர் பார்க்கிங்கில் இருந்தவரை அதைவிட நல்ல ஐட்லிங்கை நான் கேட்டதில்லை. பிறகு பிரேக்கை மிதித்து, ஓட்டும் கியரான 'டி'யில் போட்டு ஏர்கானைத் தட்டினேன். கொஞ்ச நேரம் பொறுத்தது. பிறகு ஒரு நடுக்கம், பின்னாலிருந்து பெட்ரோல் வாடை, முள் சரிந்தது, இஞ்சின் அணைந்தது. ராஜம்மா முனியாண்டியைப் பார்த்தார். முனியாண்டி தரையைப் பார்த்தார்.

நான் ஒவ்வொன்றாகத் தொடங்கினேன். இஞ்சின் எண் அரசாங்கப் பதிவோடு ஒத்திருந்தது. மனிதர் ஒளித்து எதையும் செய்யவில்லை. எர்த் வயர் கட்டைவிரல் தடிமனில் போட்டிருந்தார். ஏர்கான் தகவல் வயர் சரியாகச் சேர்ந்திருந்தது, ஒவ்வொரு ஒட்டும் ஈயம் வைத்து உறை போட்டது. வேகத் திருகை யாரும் தொடவில்லை. இஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள் புதியவை. நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் நன்றாக இருந்தது. இவ்வளவு சுத்தமான இஞ்சின் மாற்றத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் பிளக்குகள் நான்கும் கரியாக இருந்தன. அப்படியென்றால் பெட்ரோல் தேவைக்கு மேல் போகிறது. காற்று எவ்வளவு வருகிறது என்று யாரோ கம்ப்யூட்டரிடம் பொய் சொல்கிறார்கள்.

ஸ்கேனரைச் செருகினால் எந்தப் பிழையும் இல்லை என்கிறது. குழாய்களின்மேல் ஸ்பிரே அடித்துப் பார்த்தேன். கசிவு இருந்தால் இஞ்சினின் சுருதி மாறும். மாறவில்லை. மறுபடி அடித்தேன். அதே நல்ல பிள்ளை.

அங்கேதான் நின்றேன். வியர்வை கண்ணில் இறங்குகிறது, கேட்டருகே ஒரு மனிதரின் மானம் வெயிலில் காய்கிறது, எனக்கோ எதுவும் அகப்படவில்லை. அழுகை வரும்போல இருந்தது. தவுக்கே தன் கோப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார். ஒருவர் வேலையில் இன்னொருவர் கை வைப்பது அவருக்குப் பிடிக்காது.

சக்கரத்துக்கு அண்டை கொடுக்கும் கட்டைகள் கிடந்த கூடை கண்ணில் பட்டது. அப்போதுதான் உறைத்தது. நான் மட்டுமல்ல, எனக்கு முன் பார்த்த போமன்களும் கார் நல்ல பிள்ளையாக இருக்கும் நேரத்தில்தான் பானட்டைத் திறந்து பார்த்திருக்கிறோம். அது அணைவதோ 'டி'யில். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தேன். கவிதாவை உட்காரவைத்து, "பிரேக்குல இருந்து கால எடுக்கவே கூடாது, எடுத்தா எனக்கு வேலை செய்ய கால் இருக்காது" என்று சொல்லிவிட்டு, முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்றேன்.

"இப்ப போடும்மா."

'டி' விழுந்ததும் இஞ்சின் தன் இடத்திலேயே பின்பக்கமாகச் சாய்ந்து தாழ்ந்தது. எல்லா இஞ்சினும் அப்படித்தான் சாயும். நான் இஞ்சினைப் பார்க்கவில்லை. இஞ்சினுக்கும் பின்னாலிருக்கும் தகரச் சுவருக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று பார்த்தேன். அந்தச் சுவரில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. காற்றழுத்தத்தை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான். இஞ்சினிலிருந்து அதற்கு ஒரு மெல்லிய ரப்பர் குழாய் போகிறது. இஞ்சின் தாழ்ந்ததும் அந்தக் குழாய் வில் நாண் மாதிரி விறைத்தது. இஞ்சின்பக்க நுனியில் ஒரு கீறல் வாயைப் பிளந்தது. ஸ்ஸ்ஸ் என்றது. இஞ்சின் அணைந்தது. அணைந்ததும் கீறல் மூடிக்கொண்டு ஒன்றும் தெரியாத மாதிரி இருந்தது.

குழாய் ஏன் விறைக்க வேண்டும்? முனியாண்டி அதற்குத் தாராளமாகத் தளர்வு விட்டிருந்தார். மாற்றிய இஞ்சின் எவ்வளவு ஆடும் என்று தெரிந்து விட்ட தளர்வு. அந்தத் தளர்வு முழுவதையும் இழுத்துச் சுவரிலிருந்த கம்பியோடு சேர்த்து யாரோ இறுகக் கட்டியிருந்தார்கள். கறுப்பு வயர்களுக்கு நடுவே கறுப்புக் கயிறு, மேலே புழுதி. அறுத்து எடுத்தேன். முடிச்சில் காய்ந்த மிளகாய்க் காம்பு ஒன்று மாட்டியிருந்தது. எலுமிச்சம்பழம் சூட்டில் சுருங்கி எங்கோ விழுந்திருக்க வேண்டும்.

கோயிலில் பூசை போட்டு, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்காமல் நம்மவர்கள் யாரும் கார் எடுப்பதில்லை. திருஷ்டிக் கயிறு கட்டுவதும் வழக்கம்தான். ஆனால் பம்பரில் கட்டுவார்கள், கண்ணாடியில் தொங்கவிடுவார்கள். யார் கண்ணிலும் படாமல் இஞ்சினுக்குப் பின்னால் கட்டியதை நான் பார்த்ததில்லை.

கயிற்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். ராஜம்மாவின் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. என் வாய் துறுதுறுத்தது, பொய் சொல்ல மாட்டேன். தவுக்கே கோப்பிக் குவளைக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"இஞ்சின் ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். "காத்து அளக்குற பெட்டிக்குப் போற ரப்பர் குழாய் நுனியில கிழிஞ்சிருக்கு. இந்தக் கயிறு அத இழுத்துப் புடிச்சிருந்துச்சு. குழாய மாத்தினா முடிஞ்சுது."

அத்தோடு வாயை மூடிக்கொண்டேன். என் பணிக்காலத்தில் நான் செய்த கடினமான வேலை எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

முனியாண்டி முதல்முறையாகக் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தார். கயிற்றைப் பார்த்தார். அவர் கட்டியதல்ல என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? தளர்வை விட்டவரே அவர்தானே. கத்துவதற்கு அன்று அந்த இடத்தில் முழு உரிமை பெற்றவர் அவர் ஒருவர்தான். கயிற்றைப் பார்த்தவர், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த மருமகளைப் பார்த்தார்.

"நான்தான் கட்டியிருப்பேன்" என்றார். "பூசை அன்னிக்கு அவசரத்துல எங்கயோ கட்டுனேன். மறந்துட்டேன். என் தப்பு."

அத்தனை நேரம் வெயிலில் நின்று காப்பாற்றிய மானத்தை அந்தப் பெண்ணுக்காக ஒரே வாக்கியத்தில் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

"அவரு கட்டல" என்றார் ராஜம்மா.

குரல் சின்னதாகிவிட்டது. "நான் கட்டுனது. கல்யாணத்தன்னிக்கு அந்தக் காடிய ஊரே வாயப் பொளந்து பாத்துச்சு. தாய்மாமன்னா இப்படி இருக்கணும்னு எங்க சொந்தமெல்லாம் என்கிட்டயே சொன்னாங்க. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாங்கல்ல... வெளிய கட்டுனா புள்ளைங்க கிண்டல் பண்ணும்னு உள்ளாற கட்டுனேன். பழம் விழுந்துடக் கூடாதேன்னு இறுக்கிக் கட்டுனேன்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "மன்னிச்சுக்குங்கண்ணே. உங்க இஞ்சினப் போயி..."

முனியாண்டியின் வாய் கோணி, தோள் குலுங்கியது. சிரிப்பு. "இஞ்சினுக்குக் கண்ணு படாம இருக்கத்தான் கட்டுனீங்களா சம்பந்திம்மா? நான் இங்க மனசுக்குள்ள கட்டுனவங்களோட மூணு தலைமுறையத் திட்டிக்கிட்டு நிக்கிறேன்!"

தவுக்கே உள்ளே போய்ப் புதிய குழாய் ஒன்றைக் கொண்டுவந்தார். என்னிடம் கொடுக்கவில்லை, முனியாண்டியிடம் நீட்டினார். மாமன் தன் கையாலேயே மாட்டினார், பழையபடி தாராளமாகத் தளர்வு விட்டு.

"அப்ப கயித்த இனிமே எங்கதான் கட்டுறது?" என்று கேட்டார் ராஜம்மா, கொஞ்சம் ரோஷத்தோடு. கவிதாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. முனியாண்டி குனிந்து, முன்பக்க பம்பருக்குக் கீழே இழுவைக் கொக்கியைக் காட்டினார். "இங்க கட்டுங்க. எவ்வளவு வேணுன்னாலும் இறுக்குங்க. தலைத் தீபாவளிக்குப் புள்ளைங்களோட நீங்களும் இதுலதான் வரணும்."

கடைசிச் சோதனை பாக்கி. கவிதா ஓட்டுநர் இருக்கையில், பக்கத்தில் ராஜம்மா. 'டி' போட்டு, ஏர்கான், விளக்கு, வைப்பர் எல்லாவற்றையும் போடச் சொன்னேன். தவுக்கே உதட்டில் விரலை வைத்தார். தேவையே இல்லை, எல்லாரும் மூச்சையே பிடித்துக்கொண்டுதான் நின்றோம். முள் அசையவில்லை. குலுக்கல் இல்லை, வாடை இல்லை. நின்றோம், நின்றோம், அப்படியே இருந்தது. என் முதுகிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

ராஜம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். கண்ணில் பயம்.

"அண்ணே, மறுபடி ஆஃப் ஆயிடுச்சா? சத்தமே காணோம்?"

முனியாண்டி பானட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"இல்ல சம்பந்திம்மா. ஓடுது."